மட்டைக்கு மரம் தேடிய கொளஞ்சி

கொளஞ்சிக்கு மரங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அடுப்பு வழியாகத் தெரிந்ததுதான். வேலிக்கருவை நின்று எரியும். புளிய விறகில் தணல் வெகுநேரம் கிடக்கும். ஒதியன் புகைந்தே ஆளை வெளியே துரத்திவிடும். லப்பைக்குடிக்காட்டில் கல்யாண வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் பன்னிரண்டு வருஷமாக விறகு போட்டு வந்தவள் அவள். வெள்ளாற்றை ஒட்டிய காலனியில் வீடு. அவளுடைய அம்மா காலம்வரை அந்தக் குடும்பத்துக்கு அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்பும்தான் பிழைப்பு. கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு தனி வியாபாரம் என்று கிளம்பியது கொளஞ்சிதான்.

அவள் கணவன் ராசாங்கம் டயர் வண்டி வைத்திருந்தான். வெட்டுவதும் பிளப்பதும் அவள் பங்கு. ஏற்றுவதும் இறக்குவதும் அவன் பங்கு. பெண்டாட்டி பிளக்க நீ வேடிக்கை பார்க்கிறாயா என்று யாராவது கேலி செய்தால் அவன் சிரித்துக்கொண்டே சொல்வான்: "அவ போட்டா கோடாலி கட்டையில விழுவுது. நான் போட்டா என் கால்ல விழுவுது. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

1997ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் அப்துல் லத்தீப் வீட்டுக்கு விறகு இறக்கப் போனார்கள். கொல்லையில் ஒரு மூலையில் உடைந்த கிரிக்கெட் மட்டைகள் குவிந்து கிடந்தன.

"என்ன பாயம்மா, வூட்டுலயே இவ்ளோ விறகு வச்சிக்கிட்டு எங்கிட்ட விறகு சொல்லிவிட்டிருக்கீங்க?" என்றாள் கொளஞ்சி.

லத்தீபின் மனைவி ஹபீபா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அது எங்க வூட்டு மனுசரோட பேட்டு, புள்ள. சார்ஜாவுல பதினோரு வருசம் இருந்துட்டு வந்தாரு. வந்தவரு ஒரு மளிகைக் கடை வைக்கலாம், ஜவுளிக் கடை வைக்கலாம். பேட்டு செய்யப் போறேன்னு கொட்டகை போட்டாரு. போனதெல்லாம் உடைஞ்சி உடைஞ்சி திரும்பி வருது. அடுப்புல வச்சாலும் பொசுக்குனு எரிஞ்சி போயிடுது. எதுக்கும் ஆவல."

லத்தீப் சார்ஜாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் மட்டைகளுக்குக் கைப்பிடி மாற்றும் வேலை செய்தவர். காஷ்மீரிலிருந்து மரம் தருவித்தால் இந்தப் பக்கத்துப் பையன்கள் வாங்கக்கூடிய விலைக்கு மட்டை வராது என்று அவருக்குத் தெரியும். ஆற்று மணலிலும் அறுத்த வயலிலும் டென்னிஸ் பந்தில் ஆடுகிறவர்களுக்கு இங்கேயே விளைகிற மரத்தில் ஒரு மட்டை செய்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மரம் அறுக்கும் மில்லில் பலகை வாங்கிச் செய்து பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

கொளஞ்சி ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடைந்த இடம் கத்தியால் சீவினாற்போல் சாய்வாக இருந்தது. மரத்தூள் படிந்த கையோடு லத்தீப் வெளியே வந்தார்.

"பாய், இது மில்லுல அறுத்ததா?"

"ஆமா. ஏன்?"

"மரம் ஒரு பக்கம் போவுது, ரம்பம் ஒரு பக்கம் போயிருக்கு. இங்க பாருங்க, நார் மேலேர்ந்து வந்து பாதியிலயே வெளிய போயிடுச்சி. அடி விழுந்தா அந்த எடத்துலதான் விட்டுப்போவும்."

லத்தீப் மட்டையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். "நல்ல பேட்டுல நார் தலையிலேர்ந்து கால் வரைக்கும் நேரா ஓடும். கையில வச்சி எத்தனையோ பாத்திருக்கேன். அத எப்படிக் கொண்டாறதுன்னுதான் தெரியல."

"அறுக்கக் கூடாது பாய். பிளக்கணும். பிளந்தா மரம் அது போற வழியிலதான் வுடும்."

வண்டியிலிருந்து ஒரு வேப்பங்கட்டையை ராசாங்கம் உருட்டிப் போட்டான். கொளஞ்சி தலைமாட்டில் இரும்பு ஆப்பை வைத்து இரண்டு போடு போட்டாள். கட்டை பிளந்து மல்லாந்து விழுந்தது. உள்ளே நார் சீப்பு இழுத்தது போல் நேராக ஓடியது. லத்தீப் குந்தி உட்கார்ந்து அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். அதில் அவர் செய்த மட்டை மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது, முழுசாக. கொண்டுவந்தவன் சொன்னான்: "உடையவே இல்ல பாய். ஆனா தூக்கத்தான் முடியல. உலக்கைய வச்சிக்கிட்டு ஆடற மாதிரி இருக்கு."

அப்படியானால் லேசான மரம் வேண்டும். கொளஞ்சிக்கு இது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. கனமான மரம் நல்ல விறகு, லேசான மரம் சீண்டக்கூடாத விறகு என்றுதான் இத்தனை நாளும் வாழ்ந்திருந்தாள். இப்போது வேண்டாமென்று ஒதுக்கியதையெல்லாம் தேடிப்போக வேண்டியிருந்தது. ஒதியனில் பந்து பட்டால் மாவில் விரல் வைத்த மாதிரி பள்ளம் விழுந்தது. இலவம் அதற்குமேல் மோசம். பூவரசு நல்ல மரம், ஆனால் முறுக்கிக்கொண்டு வளர்ந்தது. ஒரு மட்டை நீளத்துக்கு நேராக வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒரு பழைய எரிச்சல் நினைவுக்கு வந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன் அரியலூர்ப் பக்கம் ஒருவர் கிணற்றடி மலைவேம்பைச் சும்மாவே எடுத்துக்கொள் என்று கொடுத்திருந்தார். கோடாலியைக் காட்டினாலே பிளந்துகொள்கிற மரம். ஆனால் அடுப்பில் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் சாம்பல். டீக்கடைக்காரரிடம் அன்று வாங்கிய ஏச்சு அவளுக்கு மறக்கவில்லை. அந்தக் கிணற்றடியில் இன்னொரு மரம் நின்றது. போய்க் கேட்டு வெட்டிக்கொண்டு வந்தாள்.

கைக்கு அடங்கிய கனத்தில் மட்டை வந்தது. லத்தீப் பந்தை அதன்மேல் தட்டித் தட்டிக் கொட்டகைக்குள்ளேயே நடந்தார். "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. ஹபீபா எட்டிப் பார்த்து, "மனுசன் சிரிச்சி ஒரு வருசம் ஆச்சு" என்று கொளஞ்சியிடம் மெல்லச் சொன்னாள்.

அந்தச் சிரிப்பு அடுத்த சித்திரையில் கொஞ்சம் மங்கியது. கொளஞ்சி அறுபது பாளம் பிளந்து, விறகைக் காயவைப்பது போலவே மொட்டை வெயிலில் அடுக்கிவைத்துவிட்டாள். பதினைந்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொரு பாளமும் நுனியிலிருந்து வாய்பிளந்து கிடந்தது. அவள் அடுக்கின்முன் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழவில்லை. லத்தீப் வந்து பக்கத்தில் நின்றார்.

"எனக்கும்தான் தெரியல கொளஞ்சி. நான் மட்டும் காயவச்ச ஆளா என்ன? ரெண்டு பேருமாக் கத்துக்குவோம்."

கற்றுக்கொண்டார்கள். இரண்டு நுனியிலும் சாணி பூசி, காற்றுப் போக இடைவெளி விட்டு, நிழலில் ஒரு வருஷம் கிடக்க வேண்டும் மரம். அதற்காக ஹபீபா தன் ஆட்டுக்கொட்டகையைக் காலி செய்து கொடுத்தாள். "ஆடு வித்தாச்சு. இனிமே மரத்துக்குத்தான் தழை ஒடிச்சிப் போடணும்" என்று முணுமுணுத்தாலும், மழைச் சாரல் அடித்தால் முதலில் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள்தான்.

லத்தீப் மட்டைக்குத் தன் மகள் பெயரை வைத்தார்: ஆஃப்ரா. பச்சைக் காகிதத்தில் பெயர் அச்சடித்து ஒட்டினார். பெரம்பலூர், குன்னம், வேப்பூர் என்று ஆஃப்ரா மட்டை கைமாறிப் போக ஆரம்பித்தது. கொளஞ்சி மாதத்தில் பாதி நாள் மரம் பார்க்கப் பஸ் ஏறினாள். விறகு வியாபாரத்தைக் கைவிடவில்லை. அது பாட்டுக்கு நடந்தது.

இத்தனைக்கும் அவள் ஒரு கிரிக்கெட் ஆட்டம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. 2002 பங்குனியில், செட்டிகுளத்தில் தேர் முடிந்த வாரம் பெரிய போட்டி ஒன்று நடந்தது. விற்பதற்காக ஒரு கட்டு மட்டையோடு லத்தீபும் ராசாங்கமும் புறப்பட்டபோது அவளும் கூடப் போனாள். எல்லைக் கோட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

யாராவது ஓங்கி அடித்தால் கூட்டமே வானத்தைப் பார்த்தது. கொளஞ்சி மட்டும் அடித்தவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

"பாய், அந்தச் செவப்புச் சட்டைக்காரரு கையில இருக்கறது நம்மளுதா?"

"நம்ம ஆஃப்ராதான். ஏன்?"

"சத்தம் சரியில்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அடுத்த பந்தும் மட்டையில் பட்டது. கொளஞ்சி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக ஆடுகளத்துக்கு நடந்தாள். ராசாங்கம் பின்னாலேயே, "ஏய், இந்தா புள்ள, எங்க போற?" என்று கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், "அந்த அம்மா தயவுசெய்து மைதானத்தை விட்டு வெளியே வரவும்" என்றார். நாலு பக்கமும் விசில் பறந்தது.

அம்பயராக நின்றவர் தர்மராஜ் என்ற விளையாட்டு வாத்தியார். "ஏம்மா, மேட்ச் நடக்குது. குறுக்க வரலாமா?"

"ஒரு நிமிசம் சார்." ஆடிக்கொண்டிருந்தவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்த மட்டைய மாத்திக்கப்பா. உள்ளுக்குள்ள விட்டுப்போச்சு. செதறுனா பக்கத்துல நிக்கிற புள்ள மூஞ்சியில வந்து விழும்."

"நாப்பத்தி ஆறு அடிச்சிருக்கேன். இப்பப் போயி மாத்தச் சொல்றீங்களே!" என்று அவன் சிரித்தான்.

"நீங்க யாரும்மா?" என்றார் தர்மராஜ்.

"இந்த மட்டைக்கு மரம் போட்டவ."

அவர் மட்டையை வாங்கி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஆட்களை மட்டும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். கொளஞ்சி வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்து, இன்னும் உட்காரவில்லை. அடுத்த பந்தில் மட்டையின் கீழ்ப்பாதி பிய்ந்து பறந்து, தள்ளி நிற்கச் சொன்ன இடத்தையும் தாண்டிப் போய் விழுந்தது.

 அப்புறம் செட்டிகுளத்து மலைக்குக் கேட்டிருக்கும், அப்படி ஒரு கைதட்டல். இரண்டு துண்டையும் தர்மராஜே எடுத்துக்கொண்டு வந்தார். கைதட்டலைக் கொளஞ்சி கவனித்ததாகவே தெரியவில்லை. துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாருக்குள் மிளகு அளவுக்கு ஒரு கணு.

"என் தப்புதான் பாய். இத நான் பாத்து ஒதுக்கியிருக்கணும்."

சிவப்புச் சட்டைக்காரனுக்குக் கட்டிலிருந்து ஒரு புது மட்டையைத் தேடி எடுத்து, நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் அவன் அறுபத்தெட்டு வரைக்கும் போனான். ஊருக்குத் திரும்பியதும் ஆட்டுக்கொட்டகையில் இருந்த பாளங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பத்தொன்பதைக் கழித்தாள்.  கழித்ததை ராசாங்கம் ஒரு டீக்கடைக்குக் கொண்டுபோனான். அவர்களும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

மறுவருஷம் தா.பழூர்ப் பக்கம், கொள்ளிடத்துப் படுகையில் நல்ல மலைவேம்பு நிற்பதாகத் தகவல் வந்தது. நெல் வயலின் ஓரமாக ஏழு பெரிய மரம், நாலு சின்னது. அரியமுத்து என்பவருடையவை. கொளஞ்சி தேடிப்போனபோது அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரு?"

"லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து வரேங்கய்யா. பேட்டு செய்யற பாய்க்கு மரம் எடுக்கறேன்."

"அங்க எந்தத் தெரு?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். "காலனிங்க" என்றாள்.

அரியமுத்து அவளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆம்பள யாரையாவது வரச் சொல்லு. மரத்தப் பத்தி ஒங்கிட்ட நான் என்னத்தப் பேசறது?"

"பேசறது எங்கிட்டதாங்கய்யா. பாத்து எடுக்கறது நான்தான்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கொளஞ்சி வரப்பு வழியாக நடந்துபோய் அந்த ஏழு மரத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்தாள். கணு இல்லை, முறுக்கு இல்லை. அவள் பார்த்ததிலேயே அருமையான மரங்கள். அப்படியே திரும்பிப் பஸ் ஏறினாள்.

விஷயம் தெரிந்ததும் லத்தீப், "நான் போய்க் கேட்டா குடுப்பாரு. நாளைக்கே போறேன்" என்றார்.

"வேணாம் பாய். நீங்க வாங்கியாந்தா அந்த மரத்த நான் பிளக்க மாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் லத்தீப் அதற்கப்புறம் தா.பழூர் பேச்சை எடுக்கவே இல்லை.

2005 ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. தண்ணீர் வடிந்த பிறகு ஹபீபா வீட்டுக்கு ஒரு போன் வந்தது. அரியமுத்து வீட்டிலிருந்து. ஏழு மரமும் வேரோடு சாய்ந்து சேற்றில் கிடக்கின்றன. மரம் முழுக்க மணல் ஏறியிருப்பதால் ரம்பம் மழுங்கிவிடும் என்று மில்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பேட்டு மரக்கார அம்மாவை வரச் சொல்லுங்கள்.

"ஏன், ஆம்பள யாரும் கெடைக்கலையாமா?" என்றாள் கொளஞ்சி.

ஹபீபா தேத்தண்ணியை ஆற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி குடித்ததும் கொளஞ்சி தானாகவே பேசினாள். "ஈரத்துல கெடந்தா பத்து நாள்ல பூசணம் புடிச்சிரும் பாயம்மா. நல்ல மரம். அது என்ன பண்ணுச்சி?"

ராசாங்கத்தையும் காலனியிலிருந்து நாலு பெண்களையும் அழைத்துக்கொண்டு போனாள். அங்கே போய்ப் பார்த்தால் கோபத்தை வைக்க இடமில்லை. அரியமுத்து வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்திருந்தது. வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்கு மணல். அவர் வரப்பென்று இருந்த இடத்தில் மண்வெட்டியோடு தனியாக நின்றார்.

"நெல்லு எல்லாம் போச்சுங்களாய்யா?" கொளஞ்சிதான் முதலில் கேட்டாள்.

"ஒண்ணும் மிஞ்சல."

எட்டு நாள் வேலை. மணலைக் கழுவி, துண்டு போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்தார்கள். மூன்றாம் நாள் அரியமுத்துவின் மனைவி பெரியம்மாள் ஒரு குண்டான் நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். பரிமாறிவிட்டுப் போய்விடுவாள் என்று பார்த்தால், தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்கள் நடுவில் மரத்துண்டின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். தூரத்திலிருந்து அரியமுத்து பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி நாள் லாரியில் பாளங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் கொளஞ்சியிடம் வந்தார்.

"ஒன் பேரு என்னம்மா?"

"கொளஞ்சிங்க."

"கொளஞ்சி…" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நிக்கிற நாலு மரமும் ஒனக்குத்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். எப்ப வேணுமோ வா."

"அதுக்கு இன்னும் வயசு பத்தலைங்கய்யா. நாலு வருசம் நல்லா நிக்கட்டும்" என்றாள். லாரி கிளம்பியபோது பெரியம்மாள் கையாட்டினாள். கொளஞ்சி மட்டையை எண்ணுகிறவள் இல்லை என்றாலும், இந்த லாரியில் போவதில் நானூறு மட்டையாவது தேறும் என்று அன்று ராசாங்கத்திடம் சொன்னாள்.

வெள்ளத்து மரம் காய்ந்து பக்குவமான நேரத்தில், 2007 பங்குனியில், உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியது. கோடை விடுமுறைக்கு முன் குவிய வேண்டிய கிராக்கி நின்றே போனது. மட்டை கேட்டு ஒருவரும் வரவில்லை. லத்தீப் கொட்டகைக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்தார்.

"எங்கியோ கடலுக்கு அந்தாண்ட தோத்தாங்க. இங்க இந்த மனுசன் சோறு திங்க மாட்டேங்கறாரு" என்று ஹபீபா அழுதாள்.

கொளஞ்சி பழையபடி முழுநேரமும் விறகுக்குப் போனாள். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லத்தீப் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து, பாளங்களைப் புரட்டி அடுக்கி, கரையான் தொட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் லத்தீப் சீக்கிரம் திரும்பிவிட்டார். அவள் தனியாக அடுக்கிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்தார். மறுநாள் கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் கேட்டது. வாங்க ஆள் இல்லாவிட்டாலும் தினம் இரண்டு மட்டை செய்தார்.

புரட்டாசியில் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தது. மறுநாள் காலையிலேயே பெரம்பலூரிலிருந்து வேனில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். செய்துவைத்திருந்தது அத்தனையும் நாலே நாளில் தீர்ந்தது. ஆறு வாரத்தில் வெள்ளத்து மரமும் முக்கால்வாசி போய்விட்டது. திருச்சிக் கடைக்காரர் செல்லதுரை வந்து ஒரு யோசனை சொன்னார்: மில்லில் பலகை அறுத்து அதே பச்சைக் காகிதத்தை ஒட்டிவிடலாம், இந்த வேகத்தில் எவன் நாரைப் பார்க்கப் போகிறான்?

லத்தீப் கொளஞ்சியைப் பார்த்தார்.

"என்னக் கேக்காதீங்க பாய். ஒட்டப் போறது ஒங்க பொண்ணு பேரு" என்றாள் அவள்.

செல்லதுரைக்குத் தேத்தண்ணி வந்தது. லத்தீப் முடியாதென்றதும், குடித்துவிட்டுக் கோபமாகத்தான் போனார். இருக்கிற மரத்துக்கு எத்தனை வருமோ அத்தனை மட்டைதான், மற்றவர்களுக்கு அடுத்த வருஷம்தான் என்று லத்தீப் வாசலில் எழுதி ஒட்டினார். சிலர் திட்டினார்கள். பலர் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே கொளஞ்சி ஏலாக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். கோயிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடியானவர் கொல்லையில் மூன்று மலைவேம்பு இருப்பதாகக் கேள்வி. பஸ் நிறைய மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். சாக்கில் சுற்றிய கோடாலிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் சண்டை போட்டார். அவள் மடியில் வைத்துக்கொண்டு, "கைப்புள்ளைக்கு டிக்கெட்டு உண்டா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் மெழுகுவத்திக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் விசாரித்தாள்.

"கோயிலுக்குங்களா?"

"இல்லக்கா. வேல விசயமா."

"என்ன வேல பாக்கறீங்க?"

கொளஞ்சி யோசித்தாள். விறகு என்று சொல்லலாம். மர வியாபாரம் என்றும் சொல்லலாம். இரண்டுமே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"கிரிக்கெட்டுல இருக்கேன்" என்றாள்.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து ஜன்னலோரத்தில் இடம் கொடுத்தாள். கொளஞ்சி தலையை வெளியே நீட்டி, வழியில் நிற்கிற மரங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.